கோட்டைத் தாண்டும் குறை அடுக்கு

பேனா வேண்டாம், காதைக் கொடுத்தால் போதும்.

எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று பாதி பாதியாக இறங்கி வருவோம். இவை இரண்டின் அடுக்குகள். அடுக்கு எண்ணும் கூடவே மூன்று, இரண்டு, ஒன்று, சுழியம் என்று படியிறங்குகிறது. அதற்கும் கீழே? பழைய எண்சுவடிக்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள்: அரை, கால், அரைக்கால், வீசம். அங்கே அடுக்கு குறை ஒன்று, குறை இரண்டு, குறை மூன்று, குறை நான்கு. ஆக, அடுக்கில் குறை வந்தால் விடையும் குறை எண் என்று நினைக்க வேண்டாம். அது 'வகு' என்று சொல்கிறது, அவ்வளவுதான். 1676-இல், லைப்னிட்சுக்குக் காட்டுவதற்கென எழுதிய கடிதத்தில் நியூட்டனும் இந்தக் குறியீட்டைத்தான் விளக்கினார்.

அதனால் பின்னத்தைச் சுருக்கும்போது ஒரு வசதி. தொகுதியில் எக்ஸின் குறை இரண்டு அடுக்கு பெருக்கலாக நின்றால், அதைக் கோட்டுக்குக் கீழே இறக்கி எக்ஸின் வர்க்கமாக்கலாம். பகுதியில் நின்றால் மேலே ஏற்றலாம்.

ஆனால் 'பெருக்கலாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வழுக்குமிடம் அதுதான்.

மொட்டைமாடித் தொட்டியை ஒரு குழாய் 3 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 6 மணி நேரத்தில். இரண்டையும் திறந்துவிட்டால்? மணிக்கு ஒன்று மூன்றில் ஒரு பங்கும் மற்றது ஆறில் ஒரு பங்கும் நிரப்பும். இவை மூன்றின் குறை ஒன்று அடுக்கும், ஆறின் குறை ஒன்று அடுக்கும். கூட்டினால் அரைத் தொட்டி. அந்த அரைக்கு மறுபடி குறை ஒன்று அடுக்கு போட்டால் 2. இரண்டே மணி நேரம்.

அவசரக்காரர் என்ன செய்வார்? இரண்டு குறை ஒன்றும் அடிபட்டுப் போகும் என்று மூன்றையும் ஆறையும் கூட்டி ஒன்பது என்பார். ஒரு குழாய் 3 மணியில் முடிக்கும் வேலைக்கு, துணைக்கு ஆள் வந்ததும் 9 மணி நேரமா!

கூட்டல் நடுவில் இருந்தால் எதுவும் தனியாகக் கோட்டைத் தாண்டாது. முதலில் பொதுப் பகுதி கண்டு ஒரே பின்னமாக்க வேண்டும், பிறகே தலைகீழாக்க வேண்டும். இரு குழாய்களின் நேரங்களை எக்ஸ், ஒய் என்று வைத்தால், எக்ஸையும் ஒய்யையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே விடை. நம் குழாய்களுக்குப் பதினெட்டின் கீழ் ஒன்பது, அதாவது அதே இரண்டு.

வீட்டில் பிள்ளை இந்தக் கணக்கோடு முட்டிக்கொண்டிருந்தால் விதியை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். வந்த விடையைத் தொட்டியில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.