முகத்தைத் தேய்க்காதீர்கள், காலம் கடத்தாதீர்கள்

(அறக்கட்டளையின் மகளிர் நலப் பிரிவு நடத்திய மருத்துவ ஆலோசனைக் கூட்டத்தில் தோல் நோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

முகப்பருவைப் பற்றிப் பேச ஒரு மருத்துவர் வர வேண்டுமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். பரு தானாக வரும், தானாகப் போகும் என்றுதான் நம் வீடுகளில் சொல்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வந்தால் ‘வயசு அப்படி’ என்கிறோம். இருபது வயதிலும் இருந்தால் ‘உடம்புச் சூடு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்கிறோம். முப்பது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானவளின் தாடையில் வலியோடு கட்டி கட்டியாக வந்தால், சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை. அவளும் வெளியே சொல்வதில்லை. முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

25 வயதுக்கு மேல் இருக்கும் பருவைப் பெரியவர்களின் பரு என்று மருத்துவத்தில் தனியாகவே பார்க்கிறோம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். சிலருக்குத் தெளிவாக இருந்த முகத்தில் புதிதாக வருகிறது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இளவயதில் வந்ததே விடாமல் தொடர்கிறது. அதனால்தான் உங்கள் மகள்களையும் அழைத்து வாருங்கள் என்று கேட்டிருந்தேன். எல்லோருக்கும் பருவே வராமல் தடுத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பரம்பரை இருக்கிறது, இயக்குநீர்கள் இருக்கின்றன. ஆனால் ஆரம்பத்திலேயே மென்மையாகக் கவனித்தால் அது முற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். குழித்தழும்பு விழாமல் காப்பாற்றலாம். விழுந்துவிட்ட குழியை முழுமையாகப் பழையபடி ஆக்கித் தர எந்தச் சிகிச்சையாலும் முடியாது.

பரு எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோலில் மயிர்க்கால்களோடு ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. ஆண்ட்ரோஜன் என்ற இயக்குநீர், பெண்களின் உடம்பிலும் இது உண்டு, பருவ வயதில் அந்தச் சுரப்பிகளை முடுக்கிவிடுகிறது. எண்ணெய் கூடுகிறது. உதிர வேண்டிய இறந்த செல்கள் உதிராமல் எண்ணெயோடு குழைந்து துளையை அடைத்துக்கொள்கின்றன. அந்த அடைப்புக்குள், நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கும்போதுதான் சிவப்பு, வலி, சீழ் எல்லாம். கண்ணில் படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அந்த அடைப்பு ஆரம்பித்துவிடுகிறது. இன்று காலை நீங்கள் கண்ணாடியில் பார்த்த பரு, நேற்று சாப்பிட்ட பிரியாணியால் வந்தது அல்ல.

இதில் அழுக்கு எங்கே வந்தது? எங்கும் வரவில்லை. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகூட அழுக்கு அல்ல. அடைத்திருக்கும் பொருள் காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பரு வந்த பெண்ணுக்கு நாம் முதலில் சொல்வது என்ன? ‘மூஞ்சியை நல்லாத் தேய்த்துக் கழுவு.’ அவளும் சோப்புப் போட்டு, நார் போட்டு, கடையில் விற்கும் குருணை குருணையான ஸ்கிரப் போட்டுத் தேய்க்கிறாள். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. பி.எச். அளவில் 5க்குப் பக்கத்தில் இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். அதைக் கொண்டு நாளைக்கு ஐந்தாறு முறை தேய்த்தால் தோலின் பாதுகாப்புப் படலம் போய்விடுகிறது. முகம் இழுத்துப் பிடிக்கிறது, எரிகிறது. பிறகு மருத்துவர் தரும் நல்ல மருந்தைப் போட்டாலும் தாங்காமல், ‘இது எனக்கு ஒத்துவரவில்லை’ என்று தூக்கி எறிந்துவிடுகிறாள்.

நாளைக்கு ஐந்து வேளை ஒளு செய்வதால் முகம் வறண்டு பரு வருமா என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். வராது. வெறும் தண்ணீர் போதும். ஒவ்வொரு ஒளுவுக்கும் முன்னால் சோப்புப் போடும் பழக்கம்தான் கெடுதல். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை மணமில்லாத மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்கள். மற்ற வேளைகளுக்குத் தண்ணீர் மட்டும். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். உப்புத் தண்ணீர் வரும் கடலோர ஊர்க்காரர்களுக்கு முகம் சீக்கிரம் வறளும். ஈரம் முழுதாகக் காயும் முன்பே எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவலாம். பரு இருப்பவர்கள் மாய்ஸ்சரைசர் போடக்கூடாது என்பது தவறான எண்ணம். டியூபில் ‘நான் காமிடோஜெனிக்’ என்று இருக்கிறதா பாருங்கள். துளையை அடைக்காத வகை என்று அதற்குப் பொருள். இரவு மருந்து தந்திருந்தால் இஷா தொழுத பிறகு போடுங்கள். அதற்கு முன்னால் போட்டால் ஒளுத் தண்ணீரோடு போய்விடும்.

முக்காடும் புர்காவும் பருவுக்குக் காரணமா? துணி காரணமில்லை. வியர்வையும் உரசலும் சேரும்போது நெற்றி ஓரத்திலும் தாடைக்குக் கீழேயும் பரு கூடலாம். ஹெல்மெட் வார் பட்ட இடத்திலும், இறுக்கமான முகக்கவசம் பட்ட இடத்திலும் இதேதான் நடக்கும். உள்ளே அணியும் தொப்பி பருத்தியாக இருக்கட்டும், தினமும் மாற்றுங்கள். தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுங்கள். தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைத்து அதன் மேல் இறுக்கிக் கட்டினால் நெற்றி முழுக்கப் பொரிப் பொரியாக வரும். எண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிக்கப் போகும் முன் வைத்து அலசிவிடுங்கள்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை, இவை மூன்றும் முகத்துக்கு ஆகாது. எலுமிச்சை தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும்.

இப்போது நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வரும் பெரியவர்களின் பருவில் என்னை மிகவும் வருத்துவது, இயற்கையாக வந்த பரு அல்ல. கிரீம் போட்டு வரவழைத்துக்கொண்டது.

கதை எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். முகத்தில் பரு அல்லது கருமை. பக்கத்து வீட்டு லாத்தா ஒரு டியூப் பெயர் சொல்கிறார். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள், விலையும் குறைவு. ஒரே வாரத்தில் சிவப்பு அடங்குகிறது, முகம் வெளுக்கிறது. வீட்டில் எல்லோரும் ‘மாஷா அல்லாஹ், என்ன போட்டாய்?’ என்று கேட்கிறார்கள். தங்கைக்கும் ஒரு டியூப் வாங்குகிறார்கள். சில மாதங்கள் போனால் கன்னத்தின் தோல் மெலிந்து, சிவப்பு நூல் நூலாக இரத்தக் குழாய்கள் தெரிகின்றன. வெயில் பட்டால் எரிகிறது. முடி வளர்கிறது. ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள் முகம் முழுக்க நிறைகின்றன. பயந்துபோய் நிறுத்தினால் மூன்றே நாளில் முகம் வீங்கிச் சிவக்கிறது. மறுபடி டியூபையே எடுக்கிறார்கள். இப்படி நான்கைந்து வருடம் அந்த ஒரு டியூபை விட முடியாமல் வாழ்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த டியூபில் இருப்பது ஸ்டீராய்டு. கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நாட்களுக்கு நாங்களே எழுதித் தரும் நல்ல மருந்துதான். முகத்தில் பூசும் அழகு கிரீம் அல்ல. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ‘எச்’ பட்டியலில் இத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை 2018இல் மத்திய அரசு சேர்த்தது. சட்டம் இருக்கிறது. கடையில் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது. ஆகவே நீங்கள்தான் டியூபைப் படிக்க வேண்டும். பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ‘ஆர்.எக்ஸ்’ என்ற அடையாளம் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் போடக்கூடாது. பல மாதமாகப் போட்டு வருபவர்கள் இதைக் கேட்டுவிட்டு இன்றிரவே நிறுத்தி அவதிப்பட வேண்டாம். டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக விடுவிக்க வழி இருக்கிறது.

இன்னொரு வகை, வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டியில் வரும் வெள்ளையாக்கும் கிரீம். தயாரித்தவர் பெயர் இருக்காது, என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றும் இருக்காது. இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தில் மலப்புறம் பகுதியில், சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்தபோது, அவர்களில் பலர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்பது 2023இல் வெளியே வந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்துக்குப் போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக அந்தப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கலாமா?

சரி, பரு இருந்தால் என்னதான் செய்வது? முதலில் கிள்ளாதீர்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய பிறகும் கருமை பல மாதம் நிற்கும். கிள்ளினால் இன்னும் ஆழமாகும். வெயிலில் போகும்போது எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன் போடுங்கள். ஒளு செய்தபின் மறுபடியும் போட வேண்டியிருக்கும். மருத்துவர்கள் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற மருந்துகளைத் தருவார்கள். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைத்தால் பயன் குறைவு. பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். கண்ணுக்குத் தெரியாத அடைப்பைத்தான் அது கரைக்கிறது என்பதால் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தே நாளில் ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடுபவர்கள்தான் அடுத்து அந்த ஸ்டீராய்டு டியூபிடம் போகிறார்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும். கறுப்புப் புர்காவின் கழுத்தில் திட்டு விழுந்த பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

பருவோடு மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, தாடையில் முடி வளர்கிறதா, எடை கூடுகிறதா? அப்படியானால் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கும் குழந்தைப்பேற்றுத் தாமதத்துக்கும் வழியாகும். வெறும் பருதானே என்று விட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எண்ணெய்ப் பலகாரத்தைவிட, சீனி நிறைந்த தேநீர், குளிர்பானம், மைதாப் பண்டங்கள் ஆகியவற்றுக்கும் பருவுக்கும்தான் தொடர்பு தெரிகிறது. சிலருக்குப் பாலும் சேர்கிறது. ஜிம்முக்குப் போகும் மகன்கள் குடிக்கும் வே புரோட்டீன் மாவும் பருவைக் கூட்டலாம்.

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐசோட்ரெட்டினாய்ன் என்ற மாத்திரை கடுமையான பருவுக்கு நல்ல மருந்து. ஆனால் அதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படும். அக்காவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தங்கைக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சகஜம். இந்த மாத்திரையில் அதைச் செய்யாதீர்கள். கர்ப்ப காலத்தில் போடத்தக்க மருந்துகள் வேறு இருக்கின்றன. அசெலாயிக் அமிலம் அவற்றில் ஒன்று.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டுப் போட்டுக் காட்டலாம். இன்று இங்கேயே காட்ட விரும்புபவர்கள், இப்போது போட்டுக்கொண்டிருக்கும் கிரீம் கைப்பையில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பெயர் மறந்திருந்தால் வீட்டுக்கு போன் செய்து டியூபைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து அறையில் திரை போட்டிருக்கிறார்கள், நானும் ஒரு செவிலியரும் மட்டும்தான் இருப்போம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள், அவர்களுக்குப் பஸ் இருக்கிறது.