முழங்கால் வலியும் வீக்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கலையும் இலக்கியமும் மணக்கும் இவ்விழாவில் முழங்காலைப் பற்றிப் பேச முன்வந்தமைக்குக் காரணம் உண்டு. மார்கழி தோறும் நம் சங்கத்தில் திருப்பாவை பாடி வந்த அம்மையார் ஒருவர் ஈராண்டுகளாக வரவில்லை. மாதுங்காவில், மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வாழ்பவர் அவர். நேரில் சென்று வினவினேன். "மூட்டு தேய்ந்துவிட்டது, டாக்டர். இனி நடந்தால் மிச்சமும் தேய்ந்து போகும்" என்றார். அந்த ஒரு சொல்லே அவரை வீட்டுக்குள் சிறை வைத்திருந்தது.

அன்பர்களே! முழங்கால் வண்டிச் சக்கரமன்று, உயிருள்ள உறுப்பு. எலும்புகள் கூடும் இடத்தை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டைச் சூழ்ந்த சவ்வு சுரக்கும் நீரே அதற்கு உணவு. கால் அசையும்போதுதான் அந்நீர் அதனுள் நன்கு ஊறும். நடையை அறவே நிறுத்தினால் குருத்தெலும்பும் நலியும். மூட்டைத் தாங்கும் தொடைத் தசையும் மெலியும். வலி மேலும் பெருகும்.

எல்லா வலியும் ஒரே வலி அல்ல. வயது முதிர்ந்தோர்க்கு வரும் மூட்டுத் தேய்வில், காலையில் எழுந்ததும் உண்டாகும் பிடிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் தளரும், படியேறினால் நோகும். பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்குமாயின் அது முடக்குவாதமாக இருக்கலாம். உடலின் காப்பாற்றலே மூட்டைத் தாக்கும் நோய் அது. தொடக்கத்திலேயே மருத்துவம் செய்தால் மூட்டைக் காக்கலாம். யூரிக் அமிலம் மிகுந்து படிகமாய்ப் படிவதாலும் திடீர் வீக்கம் வரும். காய்ச்சலுடன் ஒரு முழங்கால் மட்டும் சிவந்து, சூடேறி, வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உள்ளே கிருமி புகுந்திருந்தால், சில நாள் தாமதமே மூட்டைக் கெடுத்துவிடும்.

அந்த அம்மையாருக்கு வந்தது மூட்டுத் தேய்வுதான். ஆயினும் அவரை மிகவும் வாட்டியது கடையில் தாமே வாங்கித் தினமும் விழுங்கிய வலி மாத்திரை. அதனால் வயிற்றில் புண் உண்டாகியிருந்தது. இத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடும். தேய்வு வலிக்கு மேலே பூசும் களிம்பைத்தான் முதலில் நாட வேண்டும். 'மூன்றே நாளில் குணம்' என்று விற்கும் பொடிகளையும் நம்பாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பல பிடிபட்டுள்ளன.

அம்மையாருக்கு நான் கூறிய முதல் மருந்து எளியது. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது நோகும் கால் முன்னே. உடல் எடையையும் குறைக்கச் சொன்னேன். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்பது 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின் முடிவு.

இவற்றாலும் தீராமல் உறக்கமும் கெடுமாயின், செயற்கை மூட்டு பொருத்தும் அறுவை மருத்துவம் உண்டு. 2017இல் அரசு அம்மூட்டுகளின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. ஆயினும் அது கடைசிப் படி, முதற்படி அன்று.

உடற்பயிற்சி தொடங்கிய முதல் மாதம் அம்மையார் என்னைக் கடிந்துகொண்டார். நான்காம் மாதம் கைத்தடியுடன் தெருக்கோடி வரை நடந்தார். அவருடைய மூட்டு புதிதாகிவிடவில்லை. வலியும் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் இன்று காலை இறைவணக்கம் பாடியவர் அவரே.

ஊரை விட்டு வந்து மாடி வீடுகளில் வாழும் நம் பெற்றோர்க்கு இச்சங்கமே ஊர்த் திண்ணை. "வயதாயிற்று, பேசாமல் உட்காருங்கள்" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். கை கொடுத்து உடன் நடந்து அழைத்து வாருங்கள் என வேண்டி, என் உரையை முடிக்கின்றேன்.