டயரின் உட்பக்கத்தையும் பாருங்கள்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன தீபாவளிக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு காரில் திருச்சி கிளம்ப இருந்தேன். முதல் நாள் காற்று அடிக்கப் போனபோது, பஞ்சர் கடைத் தம்பி முன்சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், உள்பக்கம் கம்பி தெரியுது. இதோட ஹைவேஸ்ல ஏறாதீங்க" என்றார். வெளிப்பக்கம் டயர் நன்றாகவே இருந்தது. நான் தினமும் பார்த்தது அந்தப் பக்கத்தை மட்டும்தான். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வெடித்திருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் அந்தச் சக்கரம் ஒரு பள்ளத்தில் பலமாக இறங்கியது. அதன்பின் நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங் சற்றுக் கோணலாகவே நின்றது. நான்தான் பொருட்படுத்தவில்லை. வீல் அலைன்மென்ட் மாறியிருந்தது.

அலைன்மென்டில் பார்ப்பது மூன்று கோணங்களை. மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கின்றனவா என்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வர இது உதவுகிறது.

டயரை அதிகம் தின்பது டோதான். ஒரு சக்கரம் 1 டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் உரசுவதற்குச் சமம். ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

இதையும் பாலன்ஸிங்கையும் பலர் ஒன்றென நினைக்கிறோம். வேகம் 80, 90 தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் பாலன்ஸிங் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ அலைன்மென்ட் பாருங்கள். அதற்கும் முன் காற்றைச் சரிபாருங்கள். ஒரு டயரில் காற்று குறைந்தாலும் வண்டி இழுக்கும்.

கடையில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரிண்ட். இரண்டு, டை ராடிலோ பால் ஜாயின்டிலோ ஆட்டம் இருக்கிறதா என்று. ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் காசுதான் வீண். நம் சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கர டோவை மட்டுமே சரிசெய்ய முடியும். கேம்பர் மாறியிருந்தால் ஏதாவது பாகம் வளைந்திருக்கலாம். எது என்று காட்டச் சொல்லுங்கள்.

பொதுவாக 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பள்ளத்தில் பலமாக இறங்கினாலோ, பார்க்கிங் திண்டில் வேகமாக மோதினாலோ காத்திருக்க வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு காலை ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இறங்கி முன்டயர்களைப் பாருங்கள். டயரின் முழு அகலமும் தெரியும். பள்ளக்கோடுகளுக்குள் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். உட்பக்கமோ வெளிப்பக்கமோ, எங்காவது ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் டயரை மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டையும் சேர்த்தே பாருங்கள். இல்லாவிட்டால் புது டயரும் அதே வழியில் போய்விடும்.

ஐந்து நிமிட வேலைதான். ஊருக்குக் கிளம்பும் முன் செய்துவிடுங்கள்.