ஒரே முகம், ரெண்டு பார்வை

போன வருஷம் எடப்பாடியில ஒரு தறிக்கூடத்துல குறும்படம் எடுத்தோம். தறி ஓட்டறவர் முதலாளிகிட்ட கூலி பாக்கி கேட்கிற காட்சி. ரெண்டு வேஷமும் ஒரே நண்பன்தான்.

இரட்டை வேடத்துக்கு எங்க பக்கத்துலயே பழைய உதாரணம் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-ல் எடுத்த ‘உத்தம புத்திரன்’. டி.ஆர்.சுந்தரம் இயக்கத்தில் பி.யு.சின்னப்பாவுக்கு ரெண்டு வேடம். அந்தக் காலத்தில் இதற்கு லென்ஸின் பாதியை மறைத்து எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, அதே ஃபிலிமில் மறுபடி எடுப்பார்கள். கேமரா துளி அசைந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும்.

நாங்க போனை ஸ்டாண்டுல வெச்சு ரெண்டு தடவை எடுத்து, ஆப்ல ஒட்டினோம். கோடே தெரியல. பெருமையா அம்மாயிகிட்ட காட்டினேன்.

“ஏங்கண்ணு, மொதலாளி அவனப் பாக்காம செவுத்தப் பாக்கறாரு?”

அப்பதான் புரிஞ்சது. பார்க்கிறவங்க ஒட்டைத் தேடறதில்லை. திரையில ஒருத்தர் பார்க்கிற பக்கம்தான் நம்ம கண்ணும் போகுது. அங்க எதிராளியோட முகம் இல்லைன்னா, நம்பிக்கை போயிடும்.

மறுபடி எடுத்தோம். வெட்டி எடுக்கப்போற பாதியில ஒரு கம்பு நட்டு, எதிராளியோட கண் உயரத்துல நூல்கண்டு கட்டினோம். நின்ன முதலாளி அதைக் குனிஞ்சு பார்த்தார். உட்கார்ந்த தறிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். யார் பெரியவர்னு வசனமே இல்லாம தெரிஞ்சது.

அம்மாயி இந்தத் தடவை சுவரைப் பத்திப் பேசல. “அவங் கூலியக் குடுத்தா என்னவாம்?”னு கோபப்பட்டுச்சு.