மருந்து ஆளுக்கு, ஊன்றுகோல் ஊருக்கு

(தெஹியோவிட்டப் பகுதித் தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



நம்ம லயக் காம்பராவில், சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பை தொங்கும். சுகமானவரின் மருந்தும் காலமானவரின் மருந்தும் அதில்தான் கிடக்கும். "மருந்தை வீசலாமா?" என்று கேட்கிறோம். நியாயந்தான். 2022ஆம் ஆண்டு நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாடு மறக்குமா? ஆனாலும் அந்தப் பையை இன்று இறக்கிப் பார்க்க வேண்டும்.

முதற் கேள்வி: வைத்தியம் உண்மையாகவே முடிந்ததா? காச நோய்க்கு வழக்கமாக 6 மாதம் மருந்து. இருமல் முன்னமே நின்றுவிடும். கிருமி முழுதாகச் செத்திருக்காது. இடையில் நிறுத்தி மீந்த குளிசை மிச்சம் அல்ல, விட்ட குறை. உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். அளவு குறைத்து எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று, பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இலேயே எச்சரித்தார்.

வைத்தியம் முடிந்திருந்தால், பையில் உள்ளதை மூன்றாகப் பிரிப்போம்.

ஒன்று, குளிசையும் பாணி மருந்தும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பிரஷர்தானே என்று கொடுத்துவிடாதீங்க. வருத்தத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் வேறு. சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் சில குளிசைகளில் ஒன்றே ஒன்று சின்னப் பிள்ளையின் வயிற்றுக்குள் போனாலும் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 1990க்கு அழைத்து, அந்த மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மீந்த மருந்தை அடுப்பிலும் கானிலும் போடாதீங்க. கிளினிக் நாளில் கொப்பியோடு கொண்டுபோய், மருந்து கொடுக்கும் இடத்தில் காட்டி, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்க. தோட்டத்து டிஸ்பென்சரியிலும் கேட்கலாம்.

இரண்டு, இன்சுலின் ஊசி. இதைத் தேயிலை மலைக்குள் வீசினால், நாளை புல்லு வெட்டப் போகும் நம்ம வீட்டுப் பெண்ணின் காலில்தான் ஏறும். ஊசி துளைக்காத தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, ஆஸ்பத்திரியில் கேட்டு ஒப்படைக்க வேண்டும்.

மூன்று, ஊன்றுகோல், சக்கர நாற்காலி, நடைச் சட்டம், கட்டில் தட்டு. இவற்றைத்தான் பகிர வேண்டும்! சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஆணியும் ரப்பரும் சரியா என்று பாருங்க. கால் முறிந்த ஒருவர் கூலிக்கு ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய் புதுசு வாங்குகிறார். நம்ம அட்டாளையில் பழசு தூசி பிடித்துக் கிடக்கிறது. இது என்ன ஞாயம்?

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளை மடுவத்தில் ஒரு கொப்பி வைப்போம். எந்தச் சாமான் எந்த லயத்தில் இருக்கிறது, யார் கொண்டுபோனார், எப்போது திருப்பித் தந்தார் என்று எழுதுவோம். தலைவர்மாரும் மாதர் சங்கமும் பொறுப்பெடுத்தால் செலவே இல்லை.

மருந்து ஆளுக்கு உரியது. ஊன்றுகோல் ஊருக்கு உரியது. இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பையை இறக்குவோம்.