வளைவுக்கு முன்னே குறை, வளைவுக்குள் குழப்பாதே!

('தோட்டப்புற இளைஞர்களின் சாலை விபத்துகளுக்குப் பெரிய காரணம் வேகமா, பயிற்சிக் குறைவா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பேச்சரங்கில், சுங்கை பட்டாணி வட்டாரத்தைச் சேர்ந்த காரோட்டும் பயிற்றுநர் ஒருவர் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "வேகம்தான் எமன்" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். நெடுஞ்சாலையில் நூறில் போன பையன் பத்திரமாக வீடு வந்து சேர்கிறான். அதே பையன் தோட்டத்து வளைவில் அறுபதில் போய்ச் செம்பனை மரத்தில் மோதுகிறானே, ஏன்? வளைவுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது ஐயா. அதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நம் அப்பாமார் ஓட்டிய மோரிஸ் மைனரும் டட்சன் 120ஒய்யும் பின்சக்கரம் தள்ளிக்கொண்டு போகிற கார்கள். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. இவை முன்சக்கரம் இழுத்துக்கொண்டு போகிற கார்கள். 2009இல் கஞ்சில் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் பீடோங், கூலிம், பாடாங் செராய், பாலிங் பக்கம் போய்ப் பாருங்கள், இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏழைப் பிள்ளையின் முதல் கார் அது. பின்னால் வந்த விவா, ஆக்சியாவுக்கும் இதே இலக்கணம்தான்.

கஞ்சிலின் எடை ஏறத்தாழ 700 கிலோ. அந்தச் சின்ன முன்டயர்கள் இரண்டும் மூன்று வேலை செய்கின்றன. காரை இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், பிரேக் அடித்தால் பெரும்பாரத்தையும் தாங்க வேண்டும். டயரின் பிடிமானத்தைப் பத்து வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தையும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்குக் காசு ஏது? ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகத்தான் போகும். பயத்தில் பையன் இன்னும் ஒடிப்பான். கார் இன்னும் வெளியேதான் போகும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது என்ன? எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்லத் தளர்த்த வேண்டும். ஒடித்த ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட வேண்டும். டயர் மறுபடி பிடிக்கும். 'மெல்ல' என்று சொன்னதைக் கவனியுங்கள். காலைத் திடீரென்று எடுத்தால் பாரம் முழுவதும் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகிவிடும். லேசான காரின் வால் அப்படியே சுழன்று வந்துவிடும்.

ஆகவே வழி ஒன்றுதான். வளைவு வருமுன், கார் நேராக இருக்கும்போதே பிரேக் அடித்துக் கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் சீராக, லேசாக எண்ணெய் கொடுங்கள். சாலை நேராவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு மிதியுங்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 40 கிலோமீட்டரில் எடுத்த வளைவை 60இல் எடுத்தால், டயர் ஒன்றரை மடங்கு பிடித்தால் போதும் என்று நினைப்போம். அப்படியல்ல, 2.25 மடங்கு பிடிக்க வேண்டும்! அதுவும் காய்ந்த தாருக்கு. ரப்பர் இலை உதிரும் காலத்தில் மழை பெய்து இலை ஊறிக் கிடந்தால்? செம்பனை லாரி சிந்திவிட்டுப் போன சேற்றில் என்றால்? 60 கிலோ ஆட்கள் ஐந்து பேர் ஏறினால் 300 கிலோ. காரின் எடையில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு!

இதோடு ஒரு தப்பெண்ணம். முன்டயர்தான் சீக்கிரம் தேய்கிறது. இரண்டு டயர் மாற்றப் பணம் இருந்தால், புதியதை முன்னாலேயே போடுகிறோம். போடக்கூடாது, புதியது பின்னால்தான் போக வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் காலைத் தளர்த்திச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் புதிதாக ஓட்டுகிறவனால் சமாளிக்க முடியாது.

சின்ன கார் என்பதால்தான் விபத்து என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். 1959இல் பிரிட்டனில் வந்த மினி, கஞ்சிலைப் போல முன்சக்கரம் இழுக்கும் குட்டிக் கார். சக்கரம் பத்தே அங்குலம். 1964, 1965, 1967 மூன்று ஆண்டுகளிலும் மொண்டே கார்லோ ராலியின் மலைச்சாலைகளில், பெரிய எஞ்சின் கார்களை முந்தி அது வென்றது. கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதையில் அது முதலைகளை ஜெயித்தது பலத்தாலா? புத்தியால்!

நடுவர் அவர்களே, லைசென்ஸ் சோதனைத் தளத்தில் மேடேற்றம், பக்கவாட்டில் நிறுத்துவது, மூன்று முனைத் திருப்பம் எல்லாம் உண்டு. எல்லாம் நடை வேகம்தான். சாலைச் சோதனையிலும் மழையில் வழுக்கும் வளைவை யாரும் காட்டுவதில்லை. பிறகு இரண்டு வருடத்துக்குப் 'பி' ஒட்டி அனுப்பிவிடுகிறோம். குரூணிலிருந்து ஜெராய் மலைக்கும், பாலிங்கிலிருந்து கிரிக்குக்கும் அவன் தன் நண்பர்களை ஏற்றிக்கொண்டு போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்கிற நம் இளைஞர் மன்றங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்கட்டும். உரியவரிடம் அனுமதி வாங்கி ஒரு வெட்டவெளித் திடலைப் பிடியுங்கள். நான்கு கூம்பு வையுங்கள். அனுபவமுள்ள பயிற்றுநர் பக்கத்தில் உட்காரட்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில், சரளைக்கல் மேல், முன்டயர் பிடி விடுவது எப்படி இருக்கும் என்று பிள்ளையின் கையும் காலும் ஒருமுறை உணரட்டும். பெற்றோர்களே, பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் கார் வாங்கிக் கொடுக்கிறீர்கள். சாவியைக் கொடுக்கும் முன் இந்த ஒரு காலைப்பொழுதையும் கொடுங்கள். வேகத்தைக் குறை என்று சொன்னால் மட்டும் போதாது. எங்கே குறைக்க வேண்டும், எப்படிக் குறைக்க வேண்டும் என்று கற்றுக் கொடுங்கள். ஆகவே, பயிற்சிக் குறைவே பெரிய காரணம் என்று கூறி விடைபெறுகிறேன்.