மிரினுக்குப் பதில் என்ன?



நம் வேதியியல் துறையில் படித்துவிட்டு ஜப்பானில் வேலை பார்த்தவன் நான். அங்கே போகிற நம் மாணவர்கள் தவறாமல் கேட்பது இது: "அண்ணா, எந்தக் குழம்பை எடுத்தாலும் மிரின்னு போட்டிருக்கே, அது மதுவா? அதுக்குப் பதிலா என்ன ஊத்தலாம்?" சிலருக்கு வீட்டுப் பழக்கம், சிலருக்கு மார்க்கத்தின் விலக்கு. ஆகவே இதைச் சாதாரண சமையல் சந்தேகமாக நான் நினைப்பதில்லை.

வேகவைத்த ஒட்டரிசி, கோஜி என்னும் பூஞ்சை வளர்த்த அரிசி, ஷோச்சு என்னும் வடித்த சாராயம் இவற்றைக் கலந்து சுமார் இரண்டு மாதம் ஊறவிட்டால் மிரின். கோஜியின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். வழக்கமாக ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கிவிடும். இங்கேதான் முதலிலேயே சாராயம் இருக்கிறதே, ஈஸ்டின் ஜம்பம் சாயாது! இனிப்பு அப்படியே தங்கிவிடும். அசல் மிரினான 'ஹோன் மிரின்' சுமார் 14 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது. எடோ காலத்தில் இதைக் குடிக்கவே செய்தார்கள். மதுதாங்க, சந்தேகமே வேண்டாம்.

கடையில் இன்னும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் குடிக்க முடியாதபடி உப்பைச் சேர்த்திருப்பார்கள், ஆல்கஹாலும் இருக்கும். அதை ஊற்றினால் சோயா சாஸைக் குறைக்க வேண்டும். மற்றொன்று 'மிரின்-ஃபூ'. சர்க்கரைப் பாகு போன்றது; ஆல்கஹால் 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

"கொதிச்சா எல்லாம் ஆவியாப் போயிடும்" என்பார்கள். முழுக்கப் போகாது. அமெரிக்காவில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், கலந்து 15 நிமிடம் கொதித்த பிறகும் சுமார் 40 விழுக்காடு ஆல்கஹால் மிஞ்சியது.

மாற்று தேடுமுன், அந்தப் பதார்த்தத்தில் மிரின் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வெறும் இனிப்பா? ஒரு மேசைக்கரண்டி மிரினுக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் போதும். மது ஆகும் என்பவர்கள் தண்ணீருக்குப் பதில் சாக்கே ஊற்றலாம். தெரியாக்கியில் 'தெரி' என்றால் பளபளப்பு; அங்கே தேன் கைகொடுக்கும், சீக்கிரம் கருகும் என்பதால் கடைசியில் தடவுங்கள். மீன் வாடை போக்க இஞ்சி, ஜப்பானியரே போடுவதுதான். காய் குழையாமல் இருக்கவும் மிரின் உதவும். அதற்குச் சரியான மாற்று கிடையாது. தீயைக் குறைத்து, கிளறாமல் விடுங்கள்.

இன்னொன்று. இயற்கையாக நொதிக்கவைத்த சோயா சாஸிலும் சுமார் 2 விழுக்காடு ஆல்கஹால் இருக்கும். முழு விலக்கு உள்ளவர்கள் அந்த லேபிளையும் பார்க்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்கள் அறைக்கு ஒரு நண்பர் சாப்பிட வருவார். சட்டியில் என்ன ஊற்றினீர்கள் என்பதை அவர் கை நனைக்குமுன் சொல்லிவிடுங்கள். "இத்தனூண்டுதானே" என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவர் பாடு.